அம்மா சொல்லாமல் விட்ட வசனம்

எங்கள் வீட்டுச் சமையலறையில் இருந்த எவர்சில்வர் டப்பாக்களில் பாதிக்கு மேல் அம்மா வேத வசனம் சொல்லி ஜெயித்தவை. துவரம்பருப்பு டப்பா மலைப்பிரசங்கத்துக்கு வந்தது. சீனி டப்பா, அன்பைப் பற்றிய அதிகாரத்துக்கு. மிளகாய்த்தூள் இருந்த சின்ன டப்பா மட்டும் இரண்டாம் பரிசு. அந்த வருடம் அம்மாவுக்குக் காய்ச்சல்.

ராஜபாளையத்தில் எங்கள் சபையின் பெண்கள் சங்கம் வருடத்துக்கு இரண்டு தடவை மனப்பாடப் போட்டி வைக்கும். நான்கு தலைமுறையாக வேதம் வாசித்த குடும்பத்துப் பெண்கள் எல்லாம் கலந்துகொள்வார்கள். அம்மாவோ இருபத்திரண்டு வயதில்தான் முதன்முதலாக வேதப் புத்தகத்தைக் கையில் எடுத்தவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் பாத்திரக் கடை வைத்திருந்தவரின் மகள். மார்கழி மாதத்துப் பாட்டுகளை எல்லாம் ஏழு வயதிலேயே வரி பிசகாமல் சொன்னவராம். அந்தத் தலைதான் இங்கே வந்து டப்பா டப்பாவாக ஜெயித்தது. சங்கத்தில் சிலருக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு என்றாலும், அம்மா கண்ணை மூடிச் சொல்ல ஆரம்பித்தால் அவர்களும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கேட்பார்கள்.

அப்பா நூல் மில்லில் ஃபிட்டர். அம்மா டைப்ரைட்டிங் படிப்பதற்காக ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் ராஜபாளையத்துக்கு வந்து போனார். எப்படிப் பழகினீர்கள் என்று கேட்டால் இருவருமே "பஸ்ஸுதான்" என்று மட்டும் சொல்வார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. போதகரை எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் சொல்வோம். கல்யாணத்தை நடத்தி வைத்தது ஒரு ஐயர்தான் என்று யாரோ ஸ்ரீவில்லிபுத்தூரில் போய்ச் சொல்ல, தாத்தா அரை நாள் ஆறுதலாக இருந்தாராம். எந்த ஐயர் என்று தெரிந்த பிறகு, தனக்கு ஒரு மகன் மட்டும்தான் என்று சொல்லிவிட்டுக் கடையைத் திறக்கப் போய்விட்டார். அதிலிருந்து நான் ஐந்தாம் வகுப்பு வரும் வரை, அரை மணி நேரப் பயணத்தில் இருந்த அந்த ஊருக்கு அம்மா போகவே இல்லை. நான் ஐந்தாம் வகுப்பு படித்தது எண்பதுகளின் கடைசியில்.

அந்த வருடம் சங்கத்தின் ஆண்டு விழாப் போட்டிக்கு ஐயர் 'மணவாட்டி' என்ற பொருளைக் கொடுத்தார். வேதத்தில் மணமகள் வரும் இடங்களை எல்லாம் பகுதி பகுதியாகப் பிரித்து, ஆளுக்கு ஒன்று மனப்பாடம் செய்யவேண்டும். பொருளைக் கொடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கமும் அதைப் பற்றித்தான். ஓடிப்போன மனைவியைத் தேடிப் போய்த் திரும்ப அழைத்துவந்த தீர்க்கதரிசியைப் பற்றிச் சொன்னார். எண்ணெய் இல்லாமல் கதவுக்கு வெளியே நின்றுவிட்ட கன்னிப் பெண்களைப் பற்றிச் சொன்னார். கடைசிப் புத்தகத்தில் ஒரு நகரமே கல்யாணப் பெண் மாதிரி அலங்கரித்துக்கொண்டு வானத்திலிருந்து இறங்கி வருவதைப் பற்றிச் சொன்னார். முடிவில், கிறிஸ்து மணவாளன், சபை மணவாட்டி, ஆணும் பெண்ணுமாக இங்கே உட்கார்ந்திருக்கிற நாம் எல்லாரும் சேர்ந்துதான் அந்த மணவாட்டி என்றார்.

நான் ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அங்கே பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் மில் வாட்ச்மேன் தூங்கிக்கொண்டிருந்தார். இவர்களை எல்லாம் கல்யாணப் பெண்ணாக நினைத்துப் பார்க்க நான் உண்மையாகவே முயன்றேன். முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவும் அதையேதான் கேட்டார்.

"இந்த மீசைய வச்சிக்கிட்டு நான் எப்படிக் கல்யாணப் பொண்ணாக?"

அம்மாவுக்கு அதில் ஆச்சரியமே இல்லை. "எங்க ஊர்ல இது ஒண்ணும் புதுசு இல்ல. சாமி ஒருத்தர்தான் ஆம்பளை, மிச்சம் அம்புட்டுப் பேரும் பொண்ணுதான்னு சொல்லுவாவ" என்றார். பங்குனி மாதம் கோயிலில் நடக்கும் கல்யாணத்தைத் தாத்தாவின் தோளில் உட்கார்ந்து பார்த்ததைச் சொன்னார். மனிதர் யாரையும் கட்டமாட்டேன் என்று நின்ற அந்தக் கல்யாணப் பெண்ணை அவள் அப்பாவே பல்லக்கில் வைத்துச் சாமியிடம் கூட்டிக்கொண்டு போய் விட்டாராம். அதைச் சொல்லும்போது அம்மாவின் குரல் மெதுவாகிவிட்டது. இதையெல்லாம் சபையில் போய்ச் சொல்லிவிட வேண்டாம் என்று அப்பா கேட்டுக்கொண்டார். அம்மா சிரித்தார்.

அம்மாவுக்குக் கிடைத்தது ஒரு சங்கீதம். ராஜா ஒருவருக்குக் கல்யாணம். அதற்குப் பாடிய பாட்டு. முதல் பாதி மாப்பிள்ளையின் அழகைச் சொல்லும். பிறகு பாட்டு பெண்ணின் பக்கம் திரும்பி, அவளைப் பார்த்து, உன் ஜனத்தை மறந்துவிடு, உன் தகப்பன் வீட்டை மறந்துவிடு, அப்போது ராஜா உன் அழகை விரும்புவார் என்று சொல்லும். அதற்குப் பின்னால் அவள் பொன் சரிகை உடுத்தி, தோழிகள் சூழ அரண்மனைக்குள் போவாள்.

அம்மா இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டே சொல்வார். நான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, தவறினால் எடுத்துக் கொடுக்கவேண்டும். தவற மாட்டார். ஆனால் தகப்பன் வீட்டை மறந்துவிடு என்ற இடம் வந்தால் மட்டும் ஏதாவது ஒரு வேலை வந்துவிடும். குழவியை நிறுத்திவிட்டுத் தண்ணீர் தெளிப்பார். அடுப்பில் பால் பொங்குகிறதா பார் என்பார். ஒரு நாள், இல்லாத பூனையை விரட்டினார். திரும்பி வந்து அடுத்த வரியிலிருந்து தொடங்குவார். நான் அம்மாவின் தலையில் அந்த ஒரு வரிக்கு மட்டும் இடம் இல்லை என்று முடிவு செய்துகொண்டு, உதவியாக இருக்கட்டும் என்று அதை நானே மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டேன்.

போட்டிக்கு மூன்று நாள் முன்னால், வியாழக்கிழமை, நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது எங்கள் வாசலில் ஒருவர் நின்றிருந்தார். உயரமாக, வெள்ளைச் சட்டை, நெற்றியில் நாமத்தின் ஒரு கோடு மட்டும். அம்மாவின் மூக்கு அப்படியே அவர் முகத்தில் இருந்தது. அவர்தான் என் மாமா என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அம்மா கொடுத்த தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்திருந்தார். குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

தாத்தாவுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. மதுரைக்குக் கொண்டு போய்க் காட்டி, இனி வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பக் கொண்டு வந்துவிட்டார்கள். பேச்சு இல்லை. இதைச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தாராம்.

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்னையக் கூப்பிட்டாரா?"

"பேச்சே இல்லன்னு சொல்லுதேன். எப்படிக் கூப்பிடுவாரு?"

"நீ கூப்பிடுதியாண்ணே?"

மாமா செம்பைப் படியில் வைத்துவிட்டு, என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு நடந்து போனார். தெருமுனையில் திரும்பும்போது நின்றார். கூப்பிடத்தான் போகிறார் என்று நினைத்தேன். செருப்பைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

அந்த மூன்று நாளும் அம்மா மாவு ஆட்டினார், துணி துவைத்தார், சங்கீதத்தைச் சொல்லிப் பார்த்தார். அப்பா ஷிப்ட் முடிந்து வந்து, போகிறாயா என்று ஒரு தடவை கேட்டார். யாரும் கூப்பிடவில்லையே என்றார் அம்மா. அப்பா மறுபடி கேட்கவில்லை. எனக்கு இருந்த கவலையெல்லாம், இந்தக் கலவரத்தில் அம்மா இருக்கிற வரிகளையும் மறந்துவிடக் கூடாதே என்பதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு எங்கள் சபைக் கோயிலில் போட்டி. பெண்கள் பாயில் உட்கார்ந்தார்கள். ஆண்கள் பின்னால் பெஞ்சில். ஐயரும், ஐயரம்மாவும், பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை ஒருவரும் நடுவர்கள். போஸ்ட் ஆபீசில் வேலை பார்த்த அக்கா பத்துக் கன்னிகைகளைப் பற்றிய பகுதியை நன்றாகச் சொன்னார். இரண்டே இடத்தில்தான் தடுமாறினார். பிறகு அம்மா எழுந்தார். கத்தரிப்பூ நிறச் சேலை. முக்காடு போட்டுக்கொண்டு கண்ணை மூடினார்.

அன்றைக்கு அம்மா சொன்ன மாதிரி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. ராஜாவின் வாளும் குதிரையும், அவர் உடையில் கமழ்ந்த வாசனையும் அந்தச் சின்னக் கோயிலுக்குள் வந்துவிட்டதுபோல இருந்தது. வாட்ச்மேன்கூடத் தூங்கவில்லை. பாட்டு பெண்ணின் பக்கம் திரும்பியது. மகளே, கேள், காதைக் கொடு, உன் ஜனத்தை மறந்துவிடு என்று சொன்ன அம்மா அதோடு நின்றுவிட்டார்.

மாவு ஆட்டும்போது நிற்பதுபோலக் கொஞ்ச நேரம் நின்று, அடுத்த வரிக்குத் தாண்டிவிடுவார் என்று காத்திருந்தேன். தாண்டவில்லை. பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஐயரம்மா பென்சிலை எடுத்தார். பல வாரங்களாக நான் தயாராகிக் காத்திருந்த நேரம் வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. எழுந்து நின்று, கோயில் முழுவதும் கேட்கும்படி எடுத்துக் கொடுத்தேன்.

"அம்மா, ஒங்க அப்பா வீட்ட மறந்துரணும். அதான் அடுத்தது."

யாரோ சிரித்தார்கள். அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. பல நாளாகத் தேடிய ஆளைக் கூட்டத்தில் பார்த்துவிட்ட மாதிரி ஒரு பார்வை.

"தெரியும்மா. அந்த வரி எனக்கு நல்லாத் தெரியும்" என்றார். பிறகு நடுவர்கள் பக்கம் திரும்பி, அதை மட்டும் தன்னால் சொல்ல முடியாது, மன்னிக்கவேண்டும் என்றார்.

ஐயர் வயதானவர், பொறுமையானவர். அந்த வரிக்கு அர்த்தம், பழையதை விட்டுக் கர்த்தரைப் பற்றிக்கொள்வதுதானே அம்மா, அதில் என்ன சங்கடம் என்று கேட்டார்.

அம்மா சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டார். அவ்வளவு பேர் முன்னால் வசனம் தவிர வேறு எதையும் அவர் பேசியதில்லை.

"ஐயா, இந்தப் பாட்டுல வர்ற பொண்ணு ராஜகுமாரத்தி. சரிகைப் பொடவை கட்டி விட்டிருக்காவ. கூட தோழிமாரு போறாவ. அவள அவ வீட்டுல வழியனுப்பி வச்சிருக்காவ. அவளுக்கு மறக்க முடியும். என்னைய யாரும் வழியனுப்பல. நான் பஸ் ஏறி வந்தவ. வழியனுப்பாத வீட்ட எப்படிய்யா மறக்கிறது? அந்த வீட்டு வாசல்லயேதான் நான் இன்னும் நிக்கிறேன்."

அம்மா குனிந்து கும்பிட்டுவிட்டு, பாய்களுக்கு நடுவே நடந்து வெளியே வந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். அப்பாவும் ஆண்கள் பக்கமிருந்து எழுந்து வந்துவிட்டார். கேட்டுக்குப் பக்கத்தில் மூன்று பேரும் நின்றோம்.

"நான் ஊருக்குப் போயிட்டு வாரேன்" என்றார் அம்மா.

"நானும் வரட்டா?"

அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அப்பா சட்டைப் பையிலிருந்ததை அப்படியே எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தார். என்னை முன்னால் தள்ளி, "பிள்ளையக் கூட்டிட்டுப் போ" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். கோயிலில் எல்லாரும் நாங்கள் போவதைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பரிசு போஸ்ட் ஆபீஸ் அக்காவுக்குத்தான் கிடைத்தது. அதற்கு முன்னால் ஐயர் வெகுநேரம் புத்தகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்ததாகவும், நாற்பது வருடமாக வாசிக்கிற வரி இது என்று மட்டும் சொன்னதாகவும் அந்த அக்காவே பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னார்.

பஸ்ஸில் சன்னலோரம் எனக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் தூரத்தில் தெரிந்தபோது அம்மாவின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. பாதியில் நின்று, காதோர முடியை ஒதுக்கிவிட்டுக் கீழே இறங்கியது.

வீடு, தேரோடும் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. வாசலில் மாமாவின் மனைவி, என் அத்தை, முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முறம் நின்றுவிட்டது.

"உள்ள வரலாமா மதினி?" என்று அம்மா கேட்டார்.

அத்தை முறத்தை எடுத்துக்கொண்டு கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். அந்த இடைவெளியில் நாங்கள் உள்ளே போனோம்.

முன்கூடத்தில் கட்டிலில் தாத்தா. வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. எனக்குப் பயமாக இருந்ததால் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். மாமா பின்கட்டிலிருந்து வந்து, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, யார் வந்திருக்கிறது பாருங்கள் என்று தாத்தாவின் காதருகே சொன்னார். தாத்தாவின் கண் அம்மாவின் முகத்திலேயே இருந்தது. இடது கை மெல்ல எழுந்து அம்மாவின் நெற்றிக்கு வந்தது. பொட்டு இல்லாத அந்த இடத்தில் பெருவிரலை வைத்துத் தேய்த்தார். எதையோ அழிக்கிறாரா, வைக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா நெற்றியை எடுக்கவில்லை. தேய்த்துத் தேய்த்து அந்த இடமே சிவந்துவிட்டது.

அத்தை கஞ்சி கொண்டுவந்தார். மூன்று நாளாக இரண்டு கரண்டிக்கு மேல் இறங்கவில்லையாம். அம்மா ஊட்டினார், கிண்ணம் காலியானது. அதன் பிறகுதான் அந்த வீட்டில் பேச்சு தொடங்கியது. எனக்கு ஒரு தட்டில் சோறும் மொச்சைக் குழம்பும் வந்தன. நான் எந்த வகுப்பு, எத்தனாவது ராங்க் என்று மாமா கேட்டார்.

நாங்கள் புறப்பட்டபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அத்தை ஒரு தட்டில் மஞ்சள், குங்குமம், பூ, ரவிக்கைத் துணி எல்லாம் வைத்து எடுத்துக்கொண்டு வந்து தயங்கினார்.

"ஒங்க வழக்கத்துல இத வாங்கலாமோ என்னமோ. வீட்டுப் பொண்ணு சும்மா போகக் கூடாதுன்னுதான் வச்சேன்."

"குடுங்க மதினி" என்று அம்மா முந்தானையை விரித்தார். குங்குமத்தைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. ஞாயிறு பள்ளி டீச்சருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, அத்தை அம்மாவின் தலையில் பூவை வைத்தார். கட்டிலில் இருந்த தாத்தா தொண்டையிலிருந்து ஒரு சத்தம் எழுப்பினார். பார்த்துப் போகச் சொல்கிறார் என்றார் மாமா. அப்படித்தான் சொன்னாரா என்பது மாமாவுக்கும் தெரியாது. ஆனால் அம்மா அந்தச் சத்தத்துக்கு, "சரிப்பா, வாரேன்" என்று பதில் சொன்னார்.

மாமா பஸ் ஸ்டாண்டு வரை வந்தார். பஸ் கிளம்பும் வரை சன்னலுக்குக் கீழேயே நின்றார். கிளம்பும்போது, யாரையோ திட்டுவதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, "அடுத்த வாரம் வா. மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வா" என்றார். மாப்பிள்ளை என்று அவர் சொன்னது அப்பாவைத்தான் என்று புரிய எனக்குப் பாதி வழி ஆனது. கேட்கலாம் என்று திரும்பினால், அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் அம்மா தூங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ராஜபாளையத்தில் இறங்கியபோது டீக்கடை பெஞ்சிலிருந்து அப்பா எழுந்து வந்தார். கோயிலுக்குக் கட்டியிருந்த அதே வேட்டி சட்டை. வீட்டுக்கே போகவில்லை போலிருந்தது. நாங்கள் போனதிலிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸையும் அவர் பார்த்துக்கொண்டிருந்ததாக டீக்கடைக்காரர் சொன்னார். அப்பா அம்மாவின் தலையில் இருந்த பூவைப் பார்த்தார்; முந்தானை முடிச்சைப் பார்த்தார்.

"வந்துட்டியா?" என்றார்.

"வந்துட்டேன்" என்றார் அம்மா.

எதிரில் நிற்கிற ஆளிடம் இது என்ன கேள்வி என்று எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு நேரம் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தவர் எங்களோடேயே வந்திருந்தால் மொச்சைக் குழம்பாவது கிடைத்திருக்கும் என்றும் நினைத்தேன். என்னை வீட்டில் வைத்துக்கொண்டிருந்தால் அம்மா எப்படியும் திரும்பி வந்துதான் ஆகவேண்டும் என்பது அப்பாவுக்குத் தெரியும். தெரிந்துதான் என்னையும் சேர்த்து அனுப்பியிருந்தார். அது எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. அப்பாவின் கை ஏன் அப்படிச் சில்லென்று இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். டீ குடிக்கவில்லை, அதனால்தான் என்றார். நான் நம்பிவிட்டேன்.